மூன்றாம் வார்த்தைக்கு முப்பத்துநான்கு நிமிடம்

பிப்ரவரி 22, 2023. சாம்பல் புதன்

பிரசங்க வகுப்பில், லெந்து தவக்காலத்தின் நாற்பது நாளும் நாட்குறிப்பு எழுதுங்கள், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னேன். வருஷா வருஷம் சொல்வதுதான். இந்த வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, "ஐயாவும் எழுதுவீங்களா?" என்று கேட்டுவிட்டாள். வகுப்பே என் வாயைப் பார்த்தது. எழுதுவேன் என்று சொல்லியாகிவிட்டது. ஆகவே இந்த நோட்டு.

என்னைப் பற்றி ஒளிக்க ஒன்றுமில்லை. சாமுவேல் மாசிலாமணி, குருவானவர், வயது ஐம்பத்தேழு. இந்த இறையியல் கல்லூரியில் இருபத்திரண்டு வருஷமாகப் பிரசங்கக்கலை கற்பிக்கிறேன். பழைய முதல்வர் ஓய்வு பெற்றபின் பதினான்கு மாதமாகப் பொறுப்பு முதல்வர். பொறுப்பு என்ற சொல்லை எடுப்பதா, என்னையே எடுப்பதா என்பதை ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை ஆட்சிமன்றம் முடிவு செய்யும்.

இரண்டு பேர் பெயர் போயிருக்கிறது. ஒன்று என்னுடையது. மற்றது முனைவர் தியோபிலஸ் அருமைநாயகம். நானும் அவனும் இதே கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தோம், ஒரே நாளில் குருப்பட்டம் பெற்றோம். பிறகு அவன் இங்கிலாந்து போய்ப் பதினொரு வருஷம் இருந்துவிட்டுப் போன டிசம்பரில்தான் வந்து சேர்ந்தான். எரேமியாவின் புலம்பலைப் பற்றி ஆராய்ந்து முனைவர் ஆனான். என் ஆராய்ச்சிப் பதிவு காலாவதியாகி ஒன்பது வருஷம். கல்லூரி மோட்டார் ரிப்பேர், விடுதிச் சண்டை, வினாத்தாள் என்று நான் புலம்பியதை யாரும் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை.

லெந்துக்குக் காபியை விட்டிருக்கிறேன். தலை வலிக்கிறது.

பிப்ரவரி 24, வெள்ளி

தியோ வீட்டுக்கு வந்திருந்தான். கையில் பிஸ்கட் டப்பா. இன்னும் தீரவில்லை போலும், இங்கிலாந்து. என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவான், அவனைவிட ஏழு மாதம் மூத்தவன் என்பதால். என் மனைவி பியூலாவை மதினி என்பான். அவள் அவனுக்குக் காபி கொடுத்தாள். நான் வெந்நீர் குடித்தேன்.

அவன் அம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். சொர்ணம் டீச்சர் நாலாவது தெருவில் தனியாக இருந்தார்கள். சர்க்கரை நோயில் கண் போய்விட்டது. 2020 மே மாதம் காலமானார்கள். விமானமெல்லாம் நின்றிருந்த சமயம், தியோவால் வர முடியவில்லை. அடக்க ஆராதனை நடத்தியவன் நான்தான். முகக்கவசத்தோடு பன்னிரண்டு பேர். கடைசி இரண்டரை வருஷம் டீச்சரைப் பார்த்துக்கொண்டதும் எங்கள் வீடுதான். அதை அவன் மறக்காமல் இருந்தால் சரி.

"அம்மாவுக்குக் கடைசியில என்ன சாப்பிடப் பிடிச்சுது அண்ணாச்சி?" என்று கேட்டான். எனக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. பியூலா அடுக்களையிலிருந்தே, உளுந்தங்கஞ்சி, கருப்பட்டி கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, என்றாள். அவன் எழுந்து அடுக்களை வாசலில் போய் நின்றுகொண்டான். இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வினாத்தாள் வேலை இருந்தது.

மார்ச் 1, புதன்

தூய மத்தியா ஆலயத்திலிருந்து கடிதம் வந்தது. மறுபடி மறுபடி படித்தேன், எழுத்து மாறவில்லை.

பெரிய வெள்ளியன்று பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை அங்கே மும்மணி ஆராதனை. சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பிரசங்கிகள். ஒவ்வொருவருக்கும் பதினைந்து நிமிடம், பிறகு பாட்டும் ஜெபமும். சுற்றுவட்டாரச் சபையெல்லாம் வந்து உட்காரும். ஏழிலும் கனமானது நாலாம் வார்த்தை, கைவிடப்பட்டதாகக் கதறியது. மூத்தவர்களுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். பதினாறு வருஷம் அது என்னுடையது. போன வருஷம் ஒரு பாட்டியம்மா நான் பேசி முடித்ததும் மயங்கியே விழுந்தார்கள். வெயில் என்று பியூலா சொன்னாள்.

இந்த வருஷம் நாலாம் வார்த்தை: முனைவர் தியோபிலஸ் அருமைநாயகம். மூன்றாம் வார்த்தை: மாசிலாமணி ஐயர். எங்கள் பக்கத்துச் சபைகளில் குருவானவரை ஐயர் என்பதுதான் வழக்கம். அவனை முனைவர் என்றும் என்னை வெறும் ஐயர் என்றும் போட்டிருப்பதும் வழக்கம்தான் போலிருக்கிறது. மூன்றாம் வார்த்தை, இனி நீ பார்த்துக்கொள் என்று ஆண்டவர் தம் தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைத்தது. புதிதாகப் பட்டம் பெற்ற பிள்ளைகளுக்குக் கொடுப்பது. ஐந்தாம் வார்த்தை ஆட்சிமன்றத் தலைவருக்கு. அதாவது தியோ பேசும்போது தலைவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்பார்.

பொறாமை இல்லை. முறை என்று ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

மார்ச் 5, ஞாயிறு

கல்லூரிச் சிற்றாலயத்தில் தியோ பிரசங்கம். பழக்கதோஷத்தில் மனசுக்குள் மதிப்பெண் போட்டேன். ஐம்பதுக்கு முப்பத்தொன்று. தொடக்கம் தளர்வு, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, குரல் கடைசி வரிசைக்கு எட்டவில்லை. மாணவர்கள் குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். என் பிரசங்கத்துக்கு நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள், குறிப்பெடுக்க மாட்டார்கள்.

முப்பத்தெட்டு. அதற்குமேல் கிடையாது.

மார்ச் 9, வியாழன்

காபி குடித்துவிட்டேன். ஒரே ஒரு டம்ளர். பியூலாவுக்குத் தெரியாது.

மார்ச் 10, வெள்ளி

தெரிந்திருக்கிறது. காலையில் கேட்காமலே போட்டு வைத்திருந்தாள்.

மார்ச் 14, செவ்வாய்

பிரசங்கப் பயிற்சி. பதினைந்தாவது நிமிடம் மணி அடித்தபிறகும் ஒரு பையன் பேசிக்கொண்டே போனான். நிறுத்திவிட்டு அரைமணி நேரம் கண்டித்தேன். நேரம் தாண்டுகிறவன் அடுத்தவன் வாயிலிருந்து பிடுங்குகிறவன் என்றேன். நன்றாகவே சொன்னேன். வகுப்பு முடிந்ததும் யாரோ அதைக் கரும்பலகையில் எழுதி வைக்கும் அளவுக்கு.

அங்கியைத் தையற்காரரிடம் கொடுத்தாயிற்று. இடுப்பில் இரண்டு அங்குலம் பிரித்துவிட வேண்டும். உபவாச காலத்தில் எப்படிச் சதை போடுகிறது என்று தெரியவில்லை.

மார்ச் 22, புதன்

ஆட்சிமன்ற உறுப்பினர் ஒருவர் நூலகம் பார்க்க வந்தார். பொன்னுச்சாமி டாக்டர், கண் மருத்துவர். நான் நூலகத்துக்கு வாங்கிய புதிய அலமாரிகளைக் காட்டினேன். அவர் அலமாரியில் இருந்த தியோவின் புத்தகத்தைக் காட்டினார். வெளிநாட்டுக் கல்லூரிகளோடு தொடர்பு, பரிமாற்றம் என்று பேசிக்கொண்டே போனார். வழியனுப்பும்போது, "நீங்களும் நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க" என்றார். வாடகை வீட்டைக் காலி செய்பவரிடம் சொல்வது அது.

சாப்பிடும்போது பியூலாவிடம் கேட்டேன், நீ ஆட்சிமன்றத்தில் இருந்தால் யாருக்குக் கை தூக்குவாய் என்று. அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, ரெண்டு பேரும் நல்லவுகதான் என்றாள். முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய மனைவி. ரசத்தைத் தள்ளிவைத்துவிட்டு மோர் கேட்டேன்.

எரிகிறது. எழுதத்தானே நோட்டு, எழுதிவிடுகிறேன். அவன் நடந்து போனால் எரிகிறது, அவன் சிரித்தால் எரிகிறது. அவன் என்னை அண்ணாச்சி என்று கூப்பிடும்போது அதில் கள்ளம் இருக்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன். இல்லை. அதுவும் எரிகிறது.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

மூன்றாம் வார்த்தைக்கான பிரசங்கத்தை எழுதி முடித்தேன். வாசித்துப் பார்த்ததில் பதினான்கு நிமிடம் நாற்பது விநாடி. சின்னப் பிள்ளைகளின் வார்த்தை என்று கொடுத்தார்கள் அல்லவா, இப்படியும் பேசலாம் என்று அவர்களுக்குத் தெரியட்டும். பெற்ற தாயைப் பற்றி இத்தனை கனிவாக நான் எழுதியதில்லை.

ஏப்ரல் 6, பெரிய வியாழன்

சிற்றாலயத்தில் பாதம் கழுவும் ஆராதனை. முதல்வர்தான் கழுவ வேண்டும். பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்தார்கள். பதினொரு மாணவர்கள், பன்னிரண்டாவதாக ஒரு ஆசிரியர். சீட்டுக் குலுக்கியதில் தியோ. நான் அவன் முன்னால் முழங்கால் போட்டேன். கால் சுத்தமாகத்தான் இருந்தது, வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்திருக்கிறான். எல்லாரும் அப்படித்தான் வருவார்கள்.

துண்டால் துடைக்கும்போது குனிந்து என் காதருகே மெதுவாகச் சொன்னான்: "அண்ணாச்சி, நாளைக்கு அம்மாவைப் பத்திப் பேசப்போறேன்."

எழுந்தேன். மிச்ச ஜெபத்தை எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. தாய் மூன்றாம் வார்த்தைக்கு உரியவள். அது என் வார்த்தை. நாலாம் வார்த்தைக்காரன் கைவிடப்பட்டதைப் பேச வேண்டும், இருளைப் பேச வேண்டும். மேடையின் ஒழுங்கு அது. எனக்கிருந்த நாலாம் வார்த்தையை வாங்கிக்கொண்டான். போகட்டும் என்று மூன்றாவதை எடுத்தால், அதிலிருக்கும் தாயையும் கேட்கிறான். அதுவும் ஆட்சிமன்றத் தலைவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசுவான்.

விட மாட்டேன். அவன் எழும்போது தாயைப் பற்றிப் பேச ஒரு சொல்கூட மீதி இருக்கக் கூடாது.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மாலை ஐந்து மணி. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆலயம் நிறைந்து வெளியே பந்தலிலும் கூட்டம். முதல் இரண்டு பேரும் ஒழுங்காக முடித்தார்கள். பன்னிரண்டு ஐம்பதுக்கு நான் ஏறினேன். பிரசங்க பீடத்தில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு, பன்னிரண்டாவது நிமிடம், மணியடிக்கும் கோயில்பிள்ளை கீழிருந்து அதைப் போடுவார். எழுதி வைத்ததை அப்படியே பேசினேன். நல்ல அமைதி. விளக்கு எரிந்தது. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தேன். பிறகு அதை விளக்கின் மேல் போட்டேன்.

அதன்பின் பேசியது எழுதி வைக்காதது. இந்த ஊரிலும் ஒரு தாய் இருந்தாள் என்றேன். கண் தெரியாத தாய். மகன் படிக்கக் கடல் கடந்து போனான் என்றேன். பட்டத்தின் மேல் பட்டம் வாங்கினான், தாய் வாசலில் காது வைத்துக் காத்திருந்தாள் என்றேன். அவளுக்குக் கஞ்சி கொடுத்தது யார், அவள் கண்ணை மூடியது யார் என்று கேட்டேன். பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது மகன் எங்கே இருந்தான் என்று கேட்டேன். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. விமானங்கள் நின்றிருந்ததைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் நீண்டுபோகும்.

இறங்கும்போது கடிகாரத்தில் ஒன்று இருபத்துநாலு. முப்பத்துநான்கு நிமிடம் பேசியிருக்கிறேன். பாட்டை இரண்டு சரணமாகக் குறைத்தார்கள். ஆனாலும் ஒன்று நாற்பதுக்கு ஐந்தாம் வார்த்தை தொடங்க வேண்டும். தலைவரின் நேரத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள். தியோவுக்கு மிஞ்சியது ஏழு நிமிடம்.

அவன் கையில் மடித்த தாள்களோடு ஏறினான். தாள்களைப் பிரிக்கவில்லை. ஏன் என்னைக் கைவிட்டீர் என்ற வசனத்தை வாசித்தான். பிறகு சொன்னான்:

"அண்ணாச்சி சொன்ன மகன் நான்தான். அவங்க சொன்னது அத்தனையும் உண்மை. எங்க அம்மா என்கிட்ட கேக்க நினைச்ச கேள்வி இந்த வசனத்துல இருக்கு. என்கிட்ட பதில் கிடையாது. நாம கொஞ்ச நேரம் சும்மா இருப்போம்."

அப்படியே நின்றான். ஒருவரும் அசையவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பந்தலில் யாரோ அழுதார்கள், பிறகு உள்ளேயும். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். ஐந்து நிமிடம் கழித்து அவன் தலைகுனிந்து இறங்கினான். விளக்கின் மேல் என் கைக்குட்டை அப்படியே கிடந்தது.

ஆராதனைக்குப்பின் கஞ்சி ஊற்றினார்கள். ஒருவர் வந்து, நல்லாக் குடுத்தீங்க ஐயா, என்று என் கையைப் பிடித்தார். அவர், யாரை யார் திட்டினாலும் வந்து கைபிடிப்பவர். பியூலாவைத் தேடினேன். அவள் கஞ்சிக்கு நிற்காமல் தனியாக நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 8, சனி

தியோ முதல்வர் பதவிக்கான போட்டியிலிருந்து தன் பெயரைத் திரும்பப் பெற்றுக் கடிதம் கொடுத்துவிட்டான். அலுவலக எழுத்தர் சொன்னார்.

பியூலா பேசவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வருகிறது.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

விடியற்கால ஆராதனை. உயிர்த்தெழுதலைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆலய வாசலில், சைக்கிள் நிறுத்துமிடத்தில், எங்கும் அந்த ஐந்து நிமிடம்தான் பேச்சு. இருபத்திரண்டு வருஷமாகப் பிரசங்கம் கற்பிக்கிறேன். பேசாமல் நிற்பதற்கு எத்தனை மதிப்பெண் என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவனுக்கு நேரம் விட்டிருந்தால் முப்பத்தெட்டு மதிப்பெண்ணுக்குப் பேசிவிட்டு இறங்கியிருப்பான். அந்த மௌனத்தை அவனுக்கு உண்டாக்கிக் கொடுத்தவனே நான்தான். அதை யாரும் சொல்வதில்லை.

ஏப்ரல் 11, செவ்வாய்

முதல்வர் ஆனேன். ஒரே பெயர், பத்து நிமிடத்தில் முடிந்தது. தலைவர் கை கொடுத்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

தியோ சீயோன்விளைச் சபைக்குக் குருவானவராகப் போகிறான். செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் நூற்றுநாற்பது குடும்பம், ஓடு போட்ட சின்ன கோயில், உப்புத் தண்ணீர். அவனே கேட்டு வாங்கியிருக்கிறான். ஆசிரியர் அறையில் எல்லாரும் என்ன தாழ்மை, என்ன தாழ்மை என்கிறார்கள். இதிலும் முந்திக்கொண்டான். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் நான், எல்லாரும் எழுந்து நின்று வழியனுப்புவது அவனை.

ஏப்ரல் 13, வியாழன்

மாலை வீட்டுக்கு வந்தபோது மேசையில் மடித்த தாள்கள் இருந்தன. தியோ சீயோன்விளைக்குக் கிளம்பும் வழியில் வந்து பியூலாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அன்றைக்குப் பேசுவதற்கு எழுதியது, அண்ணாச்சிக்காக எழுதினது, அவரிடமே இருக்கட்டும் என்றானாம்.

பழக்கதோஷம், கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு வாசித்தேன். பதினாலரை நிமிடம். மதிப்பெண் போடவில்லை.

கைவிடப்பட்டேன் என்று ஆண்டவர் கதறுவதற்கு முன்பே, தாய்க்கு ஒரு வீடு ஏற்பாடு ஆகிவிட்டது என்று தொடங்குகிறான். மூன்றாம் வார்த்தை முடிந்த பிறகே நாலாம் வார்த்தை வருகிறது என்கிறான். என் தாயை நான் கைவிட்டேன், ஆனால் அவள் கைவிடப்படவில்லை என்கிறான். பிறகு என் பெயர் வருகிறது. இரண்டரை வருஷம், மழையானாலும் நோய்த்தொற்றானாலும் ஒரு நாள் தவறாமல், தன் மனைவியைக் கஞ்சியோடு அனுப்பி வைத்த மனிதர் இதோ இந்த ஆலயத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்கிறான். அம்மா தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் அவரைத்தான் சொல்வார்கள் என்கிறான். கடைசிப் பத்தியில், கல்லூரியை நடத்த அவரே தகுதியானவர், நான் என் பெயரைத் திரும்பப் பெறுகிறேன், இதைச் சபையார் முன்பாகவே சொல்ல விரும்பினேன் என்று இருக்கிறது.

தலைவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருப்பார். ஆலயம் முழுவதும் கேட்டிருக்கும். அந்த நேரத்தைத்தான் நான் பேசித் தின்றேன்.

ஆனால் என்னை உட்கார விடாமல் செய்தது அது இல்லை. நான் பியூலாவை அனுப்பவில்லை. ஒரு நாளும் அனுப்பவில்லை. சொர்ணம் டீச்சர் வீட்டுக்கு நான் போனது மூன்று தடவை. ஒன்று கிறிஸ்துமஸ் பாட்டுக்குழுவோடு, ஒன்று ஒரு கையெழுத்துக்காக, ஒன்று அடக்கத்துக்கு. என் சாயங்காலக் காபி நேரம் தப்புகிறது என்று பியூலாவைச் சத்தம் போட்டிருக்கிறேன். தொற்றுக் காலத்தில் நீ அங்கே போகவே கூடாது என்று சொன்னேன். அவள் சரி என்றாள். நின்றுவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அடுக்களைக்குப் போய்க் கேட்டேன். நான் அனுப்பினேன் என்று டீச்சரிடம் ஏன் சொன்னாய் என்று. அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஆறு நாளைக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

"வேற என்ன சொல்ல? ஐயருக்குப் பிடிக்கல, அவுகளுக்குத் தெரியாம ஒளிச்சுதான் வாரேன்னா சொல்ல முடியும்?"

அவள் முறத்தைத் தட்டிவிட்டு, கொஞ்சம் குரல் இறங்கி, "டீச்சர் தெனமும் சொல்லுவாங்க, ஒன் வீட்டுக்காரர் மாதிரி ஒரு மனுஷன் கெடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும்னு. கேக்க நல்லா இருக்கும். அதுக்குன்னே கொஞ்ச நேரம் கூட உக்காந்திருப்பேன்" என்றாள்.

வெளியே வந்து இதை எழுதுகிறேன். நாற்பது நாள் கணக்கு முடிந்துவிட்டது, நோட்டை மூடியிருக்கலாம். தியோவைப் பற்றி இனி எழுத ஒன்றுமில்லை, அவன் பஸ் இந்நேரம் தேரி தாண்டியிருக்கும். இப்போது எரிவது வேறொருவன் மேல். டீச்சர் வீட்டுக்கு மனைவியைத் தினமும் அனுப்பி வைத்தானே, அந்த மாசிலாமணி. பியூலா இரண்டரை வருஷம் அவனோடு சந்தோஷமாக இருந்திருக்கிறாள்.